மாயன் பிரமிடுகளில் இன்னும் ஏறலாமா? அம்மா, மகளோடு டிசம்பர் பயணம்: ஆலோசனை தேவை

தினைப்புனம் | நவம்பர் 9, இரவு 10:14

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனில் இருக்கிறேன். டிசம்பர் கடைசி வாரத்தில் ஆறு நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. மகளுக்குப் பதினொரு வயது. மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் பழங்காலத்தில் பிரமிடுகள் கட்டிய மாயன் மக்கள் மேல் பைத்தியம்; ஒரு வருடமாக மாயன், மாயன் என்றே திரிகிறாள். புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து, சிப்பி என்றால் பூஜ்யம் என்று அவர்கள் எண்ணும் முறையைச் சமையலறைப் பலகையில் எழுதிப்போட்டு எனக்கே பாடம் எடுத்தாள். மதுரையிலிருந்து அம்மாவும் வந்திருக்கிறார். வயது 64, வலது முழங்காலில் தேய்மானம்.

என் அலுவலக நண்பர் 2004-இல் மெக்சிகோவில் உள்ள சிச்சென் இட்சா போய் அந்தப் பெரிய பிரமிடின் உச்சியில் நின்று எடுத்த படத்தை மேசையில் வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து மகளுக்கும் மேலே ஏறியே ஆக வேண்டும். இப்போதும் ஏற விடுகிறார்களா? இல்லையென்றால் வேறு எங்கே போகலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்மேடு | நவம்பர் 9, இரவு 11:52

சகோதரி, சிச்சென் இட்சாவில் ஏற முடியாது. 2006-இல் ஒரு சுற்றுலாப் பயணி படியிலிருந்து விழுந்து இறந்தார். அதோடு மூடிவிட்டார்கள். உங்கள் நண்பர் கடைசிக் காலத்தில் ஏறியிருக்கிறார்.

ஆனாலும் போகக்கூடாத இடம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கமும் சேர்த்து 364, உச்சி மேடையைச் சேர்த்தால் 365. எண்ணில் ஆசை உள்ள குழந்தைக்கு அது ஒன்றே போதும். வடக்குப் படிக்கட்டின் முன்னால் நின்று ஓங்கிக் கை தட்டச் சொல்லுங்கள். எதிரொலி ஒரு பறவை கீச்சிடுவது போல வளைந்து திரும்பி வரும். படிகள் ஒவ்வொன்றும் சற்றுச் சற்றுத் தாமதமாக ஒலியைத் திருப்புவதால் அப்படி. கெட்ஸால் பறவையின் குரல் என்பார்கள். காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். கான்குன் கடற்கரை ஊரிலிருந்து பேருந்துகள் வந்து இறங்கிவிட்டால் கை தட்டி எதிரொலி கேட்கும் அமைதி கிடைக்காது.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் என் ஓட்டு குவாத்தமாலாவில் உள்ள திக்காலுக்கு. அங்கே 4-ஆம் கோயில் சுமார் 65 மீட்டர் உயரம். பழைய கல்படியில் கால் வைக்கவே வேண்டாம். பக்கவாட்டில் கைப்பிடி வைத்த மரப்படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். உச்சியில் கோயிலின் அடியில் உட்கார்ந்தால் கீழே காடு கடல் மாதிரி விரிந்து கிடக்கும். அதற்கு மேலே மற்ற கோயில்களின் கொண்டை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

மெக்சிகோவிலேயே கலாக்முல் உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து காட்டுக்குள் 60 கிலோமீட்டர் போக வேண்டும். நான் 2019-இல் போனபோது பெரிய பிரமிடில் ஏற விட்டார்கள். அன்று முழு நாளும் பார்த்த மனிதர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம், குரங்குகளை எண்ண முடியாது. ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு ஆறு நாளில் அது சரிப்படாது.

ரொறன்ரோ மழை | நவம்பர் 10, காலை 7:30

வணக்கம் தங்கச்சி. நான் 2014இல மனுசியோட மெக்சிகோவில இருக்கிற கோபாவுக்குப் போனனான். அப்ப ஏற விட்டவை. அங்கத்தைப் பெரிய பிரமிடுக்கு நோஹோச் முல் எண்டு பேர், 42 மீற்றர். படியின்ர நடுவில ஒரு தடிச்ச கயிறு விட்டிருந்தவை. ஏறேக்க ஒண்டும் தெரியேல்ல. மேல நிண்டு பாத்தால் சுத்திவரப் பச்சை, கண் முட்டக் காடு. நல்ல சந்தோசம். திரும்பி இறங்கப் பாக்கேக்கதான் நெஞ்சு பக்கெண்டது. எனக்கு முன்னால படி இருக்கிறதே தெரியேல்ல, நேர கீழ நிலம்தான் தெரிஞ்சது. மனுசி கயித்தைப் பிடிச்சுக்கொண்டு, இருந்து இருந்து அரக்கித்தான் இறங்கினவ. கிட்டத்தட்ட அரை மணித்தியாலம். 2020 பெருந்தொற்றோட அங்க ஏறுறதை நிப்பாட்டினவை. போக நினைச்சால் கிளம்பிற கிழமையில விசாரிச்சுப் பாருங்கோ.

பிறகு 2018இல குவாத்தமாலாவுக்குப் பக்கத்து நாடான பெலிசுக்குப் போனம். ஷுனாந்துனிச் எண்டு ஒரு இடம். அப்ப ஆத்தைக் கடக்க ஒரு தெப்பம் இருந்தது, ஒராள் கையால சில்லைச் சுத்தச் சுத்த அது கம்பியில ஊர்ந்து போனது. அங்கத்தைப் பெரிய கோயில் 40 மீற்றர். அதில ஏறலாம், படியும் கோபா மாதிரிச் செங்குத்தில்லை. பெலிசில ஆங்கிலம் கதைப்பினம், அம்மாவோட போக லேசு. அங்கயிருந்து எல்லை தாண்டினால் திக்கால் ரெண்டு, ரெண்டரை மணித்தியால ஓட்டம். ரெண்டையும் சேத்துப் பாக்கலாம்.

கல்லும் காலும் | நவம்பர் 10, பிற்பகல் 1:05

நான் கட்டடப் பொறியாளன். பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவன். உங்கள் ஆசையைக் குறை சொல்ல வரவில்லை அம்மா. ஆனால் எங்கே ஏறலாம் என்பதற்கு முன்னால் ஏறலாமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பிரமிடுகள் வெளியே தெரிவது போல் முழுக்கக் கல் இல்லை. உள்ளே உடைகல்லும் மண்ணும் சுண்ணாம்புச் சாந்தும் போட்டு நிரப்பி, வெளியே செதுக்கிய சுண்ணாம்புக்கல்லைப் போர்த்தியிருக்கிறார்கள். அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதற்கு மேல் பெரும்பாலும் சிவப்பு வண்ணம். பூச்சுதான் மழைக்குக் குடை. அது போய்ப் பல நூறு வருடம் ஆகிறது. சுண்ணாம்புக்கல் மென்மையானது. மழைநீரில் இருக்கும் லேசான அமிலமே அதைக் கரைக்கும். அதன் மேல் நாள் முழுக்க ஆயிரக்கணக்கான செருப்புகள் ஏறினால் படியின் விளிம்பு மழுங்கும், கல் வழுவழுவென்று ஆகும், மூட்டில் சாந்து உதிரும். அந்த இடைவெளியில் தண்ணீர் இறங்கும். உள்ளே நிரப்பிய மண் ஊறிப் புடைத்தால் போர்த்திய கல் வெளியே தள்ளும். படி வழுக்கி மனிதன் விழுவதும், படி தேய்ந்து கட்டடம் விழுவதும் ஒரே காரணத்தால்தான்.

இன்னொன்று. மாயன்கள் பழைய கோயிலை இடிக்காமல் அதன் மேலேயே புதியதைக் கட்டுவார்கள். சிச்சென் இட்சாவின் பிரமிடுக்குள் இன்னொரு பிரமிடு இருக்கிறது. 1930-களில் அதற்குள் போனவர்கள் சிவப்பு வண்ணம் பூசிய சிறுத்தை வடிவ அரியணையைப் பார்த்தார்கள். அதற்கும் உள்ளே மூன்றாவதாக ஒன்று இருப்பதாக 2016-இல் அறிவித்தார்கள். நாம் மிதிப்பது மேல் தோலை. அதற்குள் இருப்பதும் அதை நம்பித்தான் நிற்கிறது.

என் வேண்டுகோள்: அனுமதி இருக்கும் இடத்திலும் பழைய கல்படியில் ஏறாதீர்கள். கீழே நின்று பாருங்கள்.

நெட்டைத்தென்னை | நவம்பர் 10, மாலை 6:40

ஒரு சந்தேகம். சிச்சென் இட்சாவில் சுற்றிலும் வெறும் கயிறுதான் கட்டியிருக்கிறது என்கிறார்கள். ஒரு நிமிடம் தாண்டி நாலு படி ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினால் என்ன ஆகிவிடும்? அபராதம் கட்டிவிட்டால் முடிந்ததுதானே?

மணல்மேடு | நவம்பர் 10, மாலை 7:22

தம்பி, அதை மனதிலிருந்தே எடுத்துவிடு. 2022 நவம்பரில் ஒரு பெண் அப்படித்தான் உச்சி வரை ஏறினார். இறங்கி வரும்போது கீழே கூட்டமே சூழ்ந்துகொண்டு கூச்சல் போட்டது, தண்ணீரை ஊற்றியது. 2025 மார்ச்சில், சமபகல் நாளில், பிரமிடின் படிக்கட்டு ஓரத்தில் பாம்பு இறங்குவது போல விழும் நிழலைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தபோது ஒருவர் காவலைத் தாண்டி ஏறினார். இறங்கியதும் அடியே விழுந்தது. அடித்தது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார். சிச்சென் இட்சா இருக்கும் யுகத்தான் பகுதியில் லட்சக்கணக்கானோர் வீட்டில் இன்றும் மாயன் மொழிதான் பேசுகிறார்கள். நாம் பார்க்கப் போவது அவர்கள் முப்பாட்டன் கட்டியதை.

கல்லும் காலும் ஐயா சொன்னதில் பாதிக்கு நான் தலைவணங்குகிறேன். மறுபாதியில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கீழேயே நின்று பார் என்றால் திக்கால் புரியாது. தரையில் நின்றால் மரம் மறைக்கும். ஒவ்வொரு கோயிலும் எதைப் பார்த்து நிற்கிறது, எது எதைவிட உயரம், ஏன் இத்தனை உயரத்துக்குப் போனார்கள் என்பதெல்லாம் மேலே போனால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த உயரமே அந்த அரசர்கள் சொல்ல வந்த செய்தி. 695-இல் திக்கால் அரசன் ஹசாவ் சான் காவில், தன் ஊரை அதற்கு முன் தோற்கடித்திருந்த கலாக்முலை வென்றான். அவனுடைய கல்லறை மேல் நிற்பதுதான் 47 மீட்டர் உயர முதல் கோயில். அவன் மகன் அதையும் மிஞ்ச 4-ஆம் கோயிலைக் கட்டினான். கலாக்முலின் உச்சியிலும் திக்காலின் உச்சியிலும் நின்ற பிறகுதான் எனக்கு அந்தப் போட்டியின் அளவு உறைத்தது.

வருகிறவர்கள் இல்லையென்றால் காவலுக்கும் பராமரிப்புக்கும் பணம் எங்கிருந்து வரும்? 2013-இல் பெலிசில் நோமுல் என்ற இடத்தில், 2,300 வருடப் பழமையான பிரமிடைச் சாலை போடக் கல் வேண்டும் என்று இயந்திரம் வைத்தே வெட்டித் தின்றார்கள். அங்கே ஆள் நடமாட்டம் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கல்லும் காலும் | நவம்பர் 10, இரவு 9:48

நோமுல் பற்றிச் சொன்னது உண்மை. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. பழைய கல்லில் ஏறுவதும், பக்கத்தில் கட்டிய மரப்படியில் ஏறுவதும் ஒன்றாகாது. மரப்படி தேய்ந்தால் பலகையை மாற்றலாம். எட்டாம் நூற்றாண்டுக் கல்லை எதைக் கொண்டு மாற்றுவது? மேலே நண்பர் சொன்ன ஷுனாந்துனிச்சில் செய்த வேலை எனக்குப் பிடிக்கும். கோயிலின் பக்கச் சுவரில் இருந்த சுதைச் சிற்ப வரிசையை அப்படியே மூடிப் பத்திரப்படுத்தி, அதன் மேல் அதே மாதிரி அச்செடுத்த நகலைப் பதித்திருக்கிறார்கள். மழையும் வெயிலும் நகலைத் தின்னட்டும், அசல் உள்ளே பிழைக்கட்டும் என்ற எண்ணம்.

எனவே அம்மா, திக்கால் மரப்படி என்றால் நானும் போங்கள் என்றே சொல்வேன். பாப்பாவிடம் இந்த வித்தியாசத்தை மட்டும் சொல்லிக் கூட்டிப் போங்கள். பதினொரு வயதில் கேட்டது மறக்காது.

நெட்டைத்தென்னை | நவம்பர் 10, இரவு 10:30

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. கயிற்றைப் பற்றிக் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உள்ளே இன்னொரு பிரமிடு இருக்கும் விஷயம் எனக்குத் தெரியாது.

நடைபழகு | நவம்பர் 11, காலை 8:15

நான் பிசியோதெரபிஸ்ட். அம்மாவின் முழங்கால் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் தேய்ந்த மூட்டுக்குப் பாரம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். இரண்டு காலும் ஒரே படியில் சேர்ந்த பிறகே அடுத்த படி. ஒரு கை எப்போதும் பிடியில் இருக்கட்டும். கைப்பிடி இல்லாத கல்படி என்றால் அம்மா கீழேயே இருக்கட்டும், தயவுசெய்து கட்டாயப்படுத்தாதீர்கள். கைப்பிடி இல்லாத படியில் பக்கவாட்டில் திரும்பி, பாம்பு போகிற மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாக இறங்குவது மற்றவர்களுக்கு நல்லது. மாயன் படிகள் உயரம் அதிகம், அகலம் குறைவு. நேராக வைத்தால் பாதம் பாதிதான் பதியும்.

இன்றிலிருந்து தினமும் வீட்டு மாடிப்படி ஐந்து முறை. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, தாராளமாகத் தயாராகலாம். போகும் இடத்தில் புழுக்கம் அதிகம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

தினைப்புனம் | நவம்பர் 12, இரவு 9:02

எல்லோருடைய பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். திக்கால்தான் என்று முடிவு செய்துவிட்டோம். திக்காலுக்குப் போகிறவர்கள் தங்கும் ஃப்ளோரஸ் ஊரில் இரண்டு இரவு, காட்டுக்குள் பூங்கா விடுதியில் ஒரு இரவு. அம்மா இன்றே மாடிப்படியைத் தொடங்கிவிட்டார். போய் வந்து எழுதுகிறேன்.

தினைப்புனம் | ஜனவரி 6, இரவு 11:20

போய் வந்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் விடிவதற்குள் கிளம்பினோம். சூரிய உதயத்துக்கு முன் உள்ளே போகத் தனிச் சீட்டும் வழிகாட்டியும் வேண்டும். அரை மணிக்கு மேல் இருட்டில் கைவிளக்கோடு நடை. திடீரென்று காட்டுக்குள் ஒரு உறுமல், அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வருகிற மாதிரி. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள், எனக்கும் நடுக்கம்தான். ஊளைக்குரங்குகளாம். அளவில் சிறியவை, குரல் மட்டும் புலிக்கு உரியது.

4-ஆம் கோயிலின் அடியில் போய் நின்றபோது பிரமிடு எங்கே என்று தேடினேன். அடிப்பகுதி பெரும்பாலும் இன்னும் தோண்டப்படாமல் மரமும் மண்ணுமாக ஒரு குன்று போலத்தான் இருக்கிறது. அம்மா மரப்படியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று பலகையில் உட்கார்ந்துவிட்டார். எங்களோடு வந்த குழுவில் ஒரு பெண்மணியும் அவருக்குத் துணையாக இருந்தார்.

மேலே பனிமூட்டம். ஒன்றுமே தெரியவில்லை. நாற்பது பேர் இருந்தோம், ஒருவரும் பேசவில்லை. மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மணி நேரம் இருந்திருப்போம். ஏழு மணிவாக்கில் வெள்ளைக்குள் ஒரு கறுப்புக் கோடு. முதலில் மரம் என்று நினைத்தேன். அது மெல்ல அகலமாகி, 3-ஆம் கோயிலின் கொண்டை ஆனது. பிறகு இடது பக்கம் 2-ஆம் கோயில், அதன் பின்னால் முதல் கோயில். மூன்றும் பனியில் மிதந்தன. மணல்மேடு அண்ணா, நீங்கள் சொன்னது அப்போதுதான் புரிந்தது. கீழே நடந்து வந்தபோது அவை இருந்த திசைகூட எனக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்தால், அம்மா ஒரு மரத்தடியில் நின்று இலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம்ம சப்போட்டா இலை மாதிரி இல்ல?" என்றார். வழிகாட்டியிடம் கேட்டேன். சிக்கோ சப்போட்டே என்றார்! நம் சப்போட்டா மரமேதான். பேரும் அங்கிருந்து வந்ததுதான். பட்டையில் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெட்டுத் தழும்புகள். சூயிங்கம் செய்ய அந்தப் பாலைத்தான் எடுத்தார்களாம். அதைவிட அம்மாவை நிறுத்தி வைத்தது அடுத்துச் சொன்னது. மேலே கோயில் வாசல்களில் உத்தரமாக வைத்ததும் இந்த மரத்தைத்தான். இரும்பு மாதிரிக் கனமான மரம், கறையான் சுலபத்தில் தொடாது. 1,200 வருடம் தாண்டியும் உளுத்துப் போகாமல் நின்றது. 4-ஆம் கோயிலின் செதுக்கிய உத்தரப் பலகைகள் இப்போது சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரும்புக் கருவி இல்லாமல், கல்லை வைத்துச் செதுக்கிய பலகைகள். வீட்டுக் கொல்லையில் சப்போட்டா வைத்து வளர்த்தவர் அம்மா. அந்த மரத்தை விட்டு நகரவே மனமில்லை அவருக்கு.

பூங்கா நுழைவாயில் பக்கம் ஒரு பிரம்மாண்டமான இலவ மரமும் உண்டு, நம் தலையணைப் பஞ்சு இலவம். மாயன்களுக்கு அது வானையும் பூமியையும் பாதாளத்தையும் இணைக்கும் மரம். குவாத்தமாலாவின் தேசிய மரமும் அதுதான்.

இரண்டாம் நாள் பெரிய சதுக்கம். முதல் கோயிலின் படிகளில் கயிறு கட்டி மறித்திருக்கிறது. விழுந்து உயிர்கள் போன பிறகு மூடியதாம். கீழே நின்று பார்த்தால் காரணம் தெரிகிறது, சுவர் மாதிரி நிற்கிறது. எதிரே 2-ஆம் கோயிலுக்கு மரப்படி உண்டு, உயரமும் குறைவு. அதை ஹசாவ் சான் காவில் தன் மனைவிக்காகக் கட்டினான் என்றார் வழிகாட்டி. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

அங்கேதான் அம்மா, "இதுல நான் ஏறுறேன்" என்றார். எனக்குப் பயம். நடைபழகு சொன்ன கணக்குப்படி ஒவ்வொரு படியாக, மகள் கீழே ஒரு படி பின்னால், நான் முன்னால். நடுவில் மூன்று முறை நின்றோம். மேலே போய் உட்கார்ந்து பத்து நிமிடம் அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பொண்டாட்டி கோயில்ல இருந்து பாத்தாத்தான் புருசன் கோயில் முழுசாத் தெரியுது" என்றார்.

சதுக்கத்தில் அன்று ஒரு குடும்பம் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து மெழுகுவத்தியும் தூபமும் ஏற்றி வழிபாடு செய்துகொண்டிருந்தது. மகள் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினாள், அம்மா கையை அழுத்திக் கீழே இறக்கிவிட்டார். தூபப் புகை வரும்போது மட்டும் இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கல்லும் காலும் ஐயா, ஒரு செய்தி உங்களுக்கு. பக்கத்தில் ஒரு சிறிய கட்டடத்தில் தடுப்பு இல்லாத பழைய கல்படி இருந்தது. மற்ற குழந்தைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மகள் போய் நின்று, படியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஏறாமல் திரும்பி வந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

கல்லும் காலும் | ஜனவரி 7, காலை 6:10

இதை மூன்று முறை படித்துவிட்டேன் அம்மா. பாப்பாவுக்கு என் அன்பு. விளிம்பு எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? கூர்மையா, மழுங்கலா?

ரொறன்ரோ மழை | ஜனவரி 7, காலை 9:44

வாசிக்க நல்ல சந்தோசமா இருக்கு தங்கச்சி. அம்மாவின்ர முழங்கால் இப்ப எப்பிடி? இறங்கேக்க பயந்தவவோ?

தினைப்புனம் | ஜனவரி 7, இரவு 8:35

ஐயா, கேட்டேன். "சோப்பு கரைஞ்ச மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு" என்கிறாள்.

அண்ணா, அம்மாவுக்கு இரண்டு நாள் வீக்கம் இருந்தது, ஒத்தடம் கொடுத்ததும் வடிந்துவிட்டது. இறங்கும்போது பயமில்லையாம். கைப்பிடியை மட்டும் ஒரு நொடிகூட விடவில்லையாம். தரையில் கால் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.